மலைராச்சியத்தின் பணவீக்கமும் ஒரு பூட்டிய வீடும்

ஒரு நாட்டின் நாணயத்தைக் காப்பவனே அந்த நாட்டின் நாகரிகத்தைக் காக்கிறான். பேரரசுகள் பகைவரின் வாளால் விழுந்ததைவிடத் தம் காசு செல்லாக்காசானதால் விழுந்ததே அதிகம். இந்தப் பாரத்தை முழுவதும் உணர்ந்தவராகவே மலைராச்சியத்தின் மத்திய வங்கி ஆளுநராகத் திரு. தியாகசேகரம் பதவியேற்றார். ஏற்கும்போது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

பதவியேற்பு நடந்தது பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸப்ரான் கம்யூனிகேஷன் என்ற கைபேசிக் கடையின் பின் அறையில். கண் கலங்கியது, உடைந்த திரையொன்றைக் கழற்றுவதற்காகப் பக்கத்து மேசையில் பசையைச் சூடாக்கிய புகையில். ஆளுநர் சார்ஜர்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலி வாடிக்கையாளருக்கு வேண்டியிருந்தது.

மலைராச்சியம் ஒரு விளையாட்டு. கடை முதலாளி ஸப்ரான், ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த காலத்தில், வெளிநாட்டுக் கணினி ஒன்றில் மாத வாடகைக்கு இடம் பிடித்து அதை நடத்தத் தொடங்கினான். கைபேசி வைத்திருக்கும் எவரும் உள்ளே வரலாம். வந்தவருக்கு ஓர் உருவம் கிடைக்கும். அதை நடத்திக்கொண்டு போய்க் காட்டுப்பன்றி அடிக்கலாம், மரம் வெட்டலாம், கோடரி செய்யலாம், சந்தையில் விற்கலாம். காசுக்குப் பொன் என்று பெயர். நமுனுகுல, பசறை, பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். கொழும்பில் புடவைக் கடைகளில் நிற்கிறவர்களும், கட்டாரில் சுவருக்குப் பூசுகிறவர்களும், தீபாவளிக்குத் தோட்டத்து லய வீட்டுக்கு வர லீவு கிடைக்காதவர்களும் அங்கே வந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி இலவசம். தோட்ட மக்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் அளந்து காட்டப்படும் அதே ஏழு பேர்ச்சை ஸப்ரான் ஒரே பின்னேரத்தில் எல்லோருக்கும் கொடுத்து முடித்தான். காணி உறுதிப்பத்திரமும் கொடுத்தான்.

குறை ஒன்றுதான். பொன் பெருகிக்கொண்டே போனது. பன்றியை அடித்தால் பொன் வந்தது. வந்த பொன் போக வழியில்லை. ஐம்பது பொன்னுக்கு விற்ற கோடரி ஆறாயிரமானது. புதிதாக வருகிறவன் ஒரு கோடரி வாங்குவதற்காக மாதக்கணக்கில் வெறுங்கையால் பன்றியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஸப்ரானுக்குத் தன் பழைய வகுப்புத் தோழன் ஞாபகம் வந்தது.

தியாகசேகரம் நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்தவர். பதுளையில் அறையெடுத்துத் தங்கி, டியூசன் கொடுத்துக்கொண்டு, பொருளியலில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துவந்தார். நீண்ட காலமாகவே படித்துவந்தார். நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில், வரிசையில் தனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களுக்குப் பணவீக்கத்தின் வகைகளை விளக்கியவர் அவர். முன்னால் நின்றவர் சிலிண்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்ற சம்பவமும் உண்டு.

“கொஞ்சம் பாத்துக்கோ மச்சான்” என்றுதான் ஸப்ரான் சொன்னான். ஆளுநர் என்ற பதவியையும் அதற்கு முன்னால் மாண்புமிகு என்ற சொல்லையும் அவரே வைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவர் நன்றாகவே செய்தார். பன்றிக்குக் கிடைக்கும் பொன்னைக் குறைத்தார். சந்தைக்கு வரி போட்டார். மழுங்கிய கோடரியைத் தீட்டக் கட்டணம் வைத்தார். கோடரியின் விலை இறங்கி இரண்டாயிரத்தில் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விலை இறங்கியதைவிட, விலையை இறக்கியவர் யார் என்று ஒருவரும் கேட்காதது அவரை வருத்தியது. ஆகவே கொடை ஊக்குவிப்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார். மக்கள் பொன்னைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், அது கைக்குக் கை ஓட வேண்டும் என்பது அவருடைய வாதம். ஒருவர் இன்னொருவருக்கு நூறு பொன் அன்பளிப்புக் கொடுத்தால், திறைசேரி தன் பங்குக்கு இன்னொரு நூறு சேர்த்துக் கொடுக்கும்.

“அந்த நூறு எங்கால வரும்?” என்று ஸப்ரான் கேட்டான்.

ஆளுநர் புன்னகைத்தார்.

அதன் பிறகு விலைகள் விசித்திரமாக ஏறின. வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும், திடீரென ஒரே நாளில் துள்ளும், மறுபடி அசையாது. ஆளுநர் வரைபடம் போட்டுப் பார்த்தார். படிக்கட்டு மாதிரி இருந்தது. காரணம் பிடிபடவில்லை. மலைராச்சியத்துக்குள் போய் நடந்து பார்த்திருந்தால் ஒருவேளை பிடிபட்டிருக்கும். ஆளுநர் விளையாடுவதில்லை. ஆள்வது மட்டும்தான். அவர் பார்த்ததெல்லாம் எண்கள்.

அந்த எண்களில் ஒருநாள் அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். டிலக்சன் என்ற ஒருவனுடைய கணக்கில் ஒரே மாலையில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஐநூறு பொன் அன்பளிப்புப் போட்டிருந்தார்கள். திறைசேரியும் அதே அளவு போட்டிருந்தது. அடுத்த நாட்களிலும் வந்துகொண்டிருந்தது. இதில் வேடிக்கை, அந்த டிலக்சன் அந்த நாட்களில் உள்ளே வரவே இல்லை.

“வராதவனுக்கு ஏன் குடுக்குறாங்க?” என்றார் ஆளுநர், அட்டைப்பெட்டியில் இருந்து எழுந்தே விட்டார். “திறைசேரிய உறிஞ்சுற கூட்டம் மச்சான் இது. இவன் பேர்ல சேத்துட்டு அப்புறம் பிரிச்சுக்குவாங்க. சுத்தக் கறுப்புப்பணம்!”

“ஆள் யாருண்டு பாத்தியா?”

“சட்டத்துக்கு முகம் கெடையாது.”

“முகம் இல்லாட்டியும் போன் நம்பர் ஈக்குமே. ஒரு கோல் எடுத்துக் கேளு.”

ஆளுநர்கள் கோல் எடுத்துக் கேட்பதில்லை. அவர் கட்டளை ஒன்றைத் தட்டினார். கணக்கு முடக்கப்பட்டது. பொன் முழுவதும் அழிக்கப்பட்டது. ஏழு பேர்ச் காணி அரசுடைமையானது. அதிலிருந்த வீடு தரைமட்டமாகிப் புல் முளைத்தது. எல்லாம் ஒரே வரிக் கட்டளை. வீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாலைக்குள் கோடரியின் விலை எண்ணூறு பொன் இறங்கியது. ஊழலுக்கு எதிரான வரலாற்று வெற்றி என்று ஓர் அறிக்கை விட்டார். எதிர்க் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கி ஒன்றை ஸப்ரானுக்குக் கொடுத்தார். அவர் எதையும் வாங்கிக் கொடுத்து ஸப்ரான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மத்தியானம் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. குவைத் நம்பர். ஸப்ரான் ரீலோட் போட்டுக்கொண்டே அதைத் திறந்துவிட்டான். ஒரு பெண் குரல், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் தணித்துப் பேசியது.

“கவர்னர் சாருங்களா? நான் செல்வராணி பேசுறேங்க. டிலக்சனோட அம்மா. குவைத்துல வீட்டு வேலையில இருக்கேன். சத்தமா பேச ஏலாது சார், மேடம் சாப்புட்டுத் தூங்குது. சார், எங்க மகன் வீட்டக் காணோம் சார். நேத்து வந்தேன், இருந்துச்சு. இன்னைக்கு வந்தா புல்லு மொளச்சுக் கெடக்கு. பன்னி மேயுது. எடம் தவறி வந்துட்டனோன்னு திரும்பிப் போய் சந்தையிலேருந்து மறுபடி நடந்து வந்து பாத்தேன். அதே எடந்தான் சார்.”

ஸப்ரான் வாடிக்கையாளரிடம் கையைக் காட்டி நிறுத்தினான். பதிவு தொடர்ந்தது.

“அவன் வெலிமடையில லீக்ஸ் லொறியில போவான் சார், ஹெல்பரா. லொறி பெரண்டு புள்ள போயிருச்சு. கேதத்துக்கு நான் வரல. மேடம் விடல. பாஸ்போட்டு அவங்க கையில. வீடியோ கோல்ல காட்டுனாங்க, எடுக்குற நேரம் பாத்து சிக்னல் போயிருச்சு. அப்புறந்தான் அவன் கூட்டாளி ரமேஸ் சொன்னான், ஆன்ட்டி, நீங்க கேமுக்குள்ள வாங்க, அங்க அவன் வீட்டுலயும் கேதம் வச்சிருக்கோம்னு. எனக்கு இதெல்லாம் எங்க சார் தெரியும். அவன்தான் சொல்லிக் குடுத்தான். வந்து பாத்தா பாதை பூரா வெள்ளக்கொடி. புள்ளைக எல்லாம் வரிசையா வந்து, பாயில ஐநூறு வச்சுக் கும்புட்டுப் போகுதுக. அந்தப் பாயில உக்காந்துதான் சார் நான் அழுதேன். அதுக்கு முன்னுக்கு அழுவ எடம் கெடைக்கல. இந்த வீட்டுல பாத்ரூம்ல கூட கதவு தட்டுவாங்க.”

பிறகு இன்னும் தணிந்து:

“வீடு பூட்டித்தான் சார் இருந்துச்சு. உள்ள யாரையும் விட மாட்டானாம். எங்கம்மா வந்தாத்தான் தொறப்பேன்னு சொல்லியிருக்கான். பதினாறாம் நாளுக்காவது கதவத் தொறந்து விடுவீங்களான்னு ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். காசு கெடக்கட்டும் சார், காசு வேணாம். எம் மகன் உள்ள என்ன வச்சிருந்தான்னு ஒரு தரம் பாத்துட்டாப் போதும்.”

பின் அறையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. ஆளுநர் தொண்டையைச் செருமினார்.

“தனிப்பட்ட அனுதாபம் வேற மச்சான். நாணயக் கொள்கை வேற.”

“ஒன்ட கொள்கையத் தூக்கி அடுப்புல வை” என்றான் ஸப்ரான். “பாயில காசு வைக்கிறது ஒனக்குத் தெரியாதா? நான் சோனகன், எனக்கே தெரியும். நீ அந்த லயத்துலதானே பொறந்த?”

“தெரியும். ஆனா கேமுக்குள்ள...”

“கேமுக்குள்ள மட்டும் ஆக்கள் மௌத்தாக மாட்டாங்களா?”

ஆளுநர் கணினியைத் திருப்பினார். பணவீக்கம் தன் கற்பனை அல்ல என்பதையாவது நிரூபிக்க வேண்டியிருந்தது. வரைபடத்தின் படிகளைக் காட்டினார். இதோ பார், இந்தத் தேதியில் ஒரு துள்ளல். இங்கே ஒன்று. இங்கே ஒன்று.

சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு தேதியில் நின்றார். அது பசறைப் பக்கம் மலையில் கொழுந்து பறித்த பெண்களைக் குளவி கொட்டிய நாள். அவரே முகநூலில் கண்ணீர் அஞ்சலி போட்டிருந்தார். அடுத்த படியின் தேதியை அவர் நெருங்கிப் பார்த்தார்; பஸ் பள்ளத்தில் விழுந்த நாள். அதற்கடுத்தது அவருக்கு நன்றாகவே தெரிந்த தேதி. அவருடைய அப்பா இறந்த மறுநாள்.

அன்று ஆளுநரின் சொந்தக் கணக்கிலும் அன்பளிப்புகள் குவிந்திருந்தன. லயத்தில் எல்லாக் காரியமும் முடித்துக் களைத்து வந்து, இரண்டு நாள் கழித்துக் கணினியைத் திறந்தவர் அதைக் கண்டு நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்து ஓர் அறிக்கை விட்டார். தன்னுடைய நாணயக் கொள்கையின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது. முந்நூறு பேர் அதை வாசித்திருந்தார்கள். ஒருவரும் திருத்தவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் என்ன பேசுவது என்று விட்டிருப்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். மலைராச்சியத்துப் பிள்ளைகள் சும்மா ஒருவருக்கொருவர் அன்பளிப்புக் கொடுத்துக்கொள்கிறவர்கள் அல்லர். கல்யாணத்துக்கு நேரில் போவார்கள். சாவுக்குப் போக லீவு கிடைக்காது. ஆகவே எங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளையின் ஏழு பேர்ச்சில் பாய் விரித்து, வந்து உட்கார்ந்து, ஐநூறு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வைத்த ஒவ்வோர் ஐநூறுக்கும் திறைசேரி இன்னோர் ஐநூறு வைத்தது. மலைநாட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் சாவுக்கு வரவில்லை. இப்படியாக மலைராச்சியத்தின் ஆளுநர் ஒவ்வொரு கேத வீட்டுக்கும் மற்ற எல்லோரும் சேர்ந்து வைத்த அளவு காசை வைத்துக்கொண்டு வந்திருந்தார். எந்த நாட்டு ஆளுநரும் செய்யாத காரியம். அவருக்குத் தெரியாமல் நடந்ததால்தான் நடந்தது.

“பழைய பெக்கப்ப எடு” என்றார் ஆளுநர். “வீட்டத் திருப்பி வைப்போம்.”

“எந்த பெக்கப்? அதுக்கு சேவர்க்காரன் மாசம் மூணு டொலர் கூடக் கேக்குறான், அந்நியச் செலாவணிய மிச்சம் பிடிக்கணும்னு நீதானே நிப்பாட்டச் சொன்ன?”

சிக்கனம் பற்றியும் ஆளுநர் ஓர் அறிக்கை விட்டிருந்தார்.

ரமேஸுக்குக் கோல் எடுத்தார்கள். அவன் கொழும்பில் புடவைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

“யாரு, கவர்னரண்ணனா?” என்றான். “நீங்க மனுசனுக்குக் குடுத்தத புடுங்கிப் பன்னிக்குக் குடுப்பீங்கன்னு தெரியாமப் போச்சே. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும் அது கேத வீடுன்னு. ஒங்களுக்கு மட்டும் எப்பிடிண்ணே தெரியல?”

“தம்பி, வீடு எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் சொன்னான். வெளியே எப்படி இருந்தது என்று எல்லாம் சொன்னான். சிவப்புக் கூரை. முன்னால் அகலமாக, உட்கார்ந்து பேச ஓர் இஸ்தோப்பு. லயத்துக் காம்பரா மாதிரி பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் வேண்டாம் என்று நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டியிருந்தான். ஜன்னலுக்கு நீலத் திரை.

“உள்ள?”

“உள்ள யாருண்ணே பாத்தா? ஜன்னல்ல எட்டிப் பாத்தா தெரைய இழுத்து விட்டுருவான். எந்நேரமும் சந்தையில நிப்பான், என்னத்தையோ வாங்கிட்டுப் போவான், கேட்டா எங்கம்மா வர்றப்ப நீங்களும் பாருங்கடான்னுவான்.” மூட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நீங்க ஒடைக்கிறப்ப பாத்திருப்பீங்கதானே? என்னதாண்ணே வச்சிருந்தான்?”

ஆளுநர் கைபேசியை ஸப்ரானிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுவரை ஒரு கோடரிகூடச் செய்தறியாத ஆளுநர் மறுநாள் வீடு கட்ட உட்கார்ந்தார். டியூசன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். முதல் சுவர் காற்றில் தொங்கியது. இரண்டாவது சுவருக்குள் அவரே அகப்பட்டுக்கொண்டு ஸப்ரான் வந்து உடைத்து எடுத்தான். பின்னேரங்களில் செல்வராணியின் உருவம் வந்து புல்லில் நிற்கும். யாரோ வடிவமைத்த ஒரு வீராங்கனை உருவம் அது; கவசமும் இறகு வைத்த தலைப்பாகையும். மாற்ற அவளுக்குத் தெரியவில்லை. அந்த இறகை ஆட்டிக்கொண்டு, கைபேசி வழியே தணிந்த குரலில் அவள் மேற்பார்வை செய்தாள்.

“தம்பி, கதவு இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் வரணும்.” இரண்டாம் நாளே சார் போய்த் தம்பி வந்திருந்தது. “கூரை இம்புட்டு ஒசரமில்ல. ஆங். அந்த அளவுதான். ஒங்களுக்கு ரொம்பச் செரமம் குடுக்குறேன்.”

“அதெல்லாம் இல்லக்கா.”

“உள்ள இருந்த சாமான் எல்லாம்?”

கீபோர்டின் மேல் ஆளுநரின் விரல்கள் நின்றன. ஸப்ரான் திரும்பிப் பார்த்தான்.

“அதெல்லாம் வேற எடத்துல பத்திரமா இருக்குக்கா. பூட்டித்தான் வச்சிருக்கோம். பதினாறுக்கு முன்னுக்கு அப்பிடியே கொண்டாந்து வச்சிருவோம்.”

“சாமி நல்லா வைக்கும் ஒங்கள” என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். மேடம் எழும்பிவிட்டது.



“சுத்தப் பொய்” என்றான் ஸப்ரான்.

“வேற என்னத்தச் சொல்ல? பாக்காம ஒடைச்சிட்டேன்னா?”

ஸப்ரான் யோசித்தான். “இல்ல. அதச் சொல்ல ஏலாது.”

பிறகு இருவரும் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன், சின்ன வயதிலேயே அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சித்தி வீட்டில் வளர்ந்தவன், அம்மா வந்தால் காட்டுவதற்கென்று ஒரு வீட்டுக்குள் என்ன வைத்திருப்பான்? ஆளுநர் முதலில் புத்தக அலுமாரி என்றார். ஸப்ரான் அவரை ஒரு பார்வை பார்த்தான். எங்கட உம்மாவுக்கெண்டால் நான் வாஷிங் மெஷின் வைப்பேன் என்றான்; அது மலைராச்சியத்தில் இல்லை. ஆளுநருக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது. காம்பராவில் இருந்த ஒரே கட்டில் அப்பாவுக்கும், பிறகு பரீட்சைக்குப் படிக்கிற தனக்கும் போனது. அம்மா அடுப்படியில் சாக்கை விரித்துப் படுத்ததுதான் அவர் பார்த்தது. இதை இதுவரை அவர் ஒரு தகவலாகவே வைத்திருந்தார்.

“கட்டில்” என்றார்.

அவரே செய்தார். சந்தையில் வாங்கலாம் என்று ஸப்ரான் சொன்னபோது, வேண்டாம், பிள்ளைகள் யாராவது பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். முதல் கட்டில் குழந்தைக்கும் போதாது. அடுத்ததற்கு மூன்று கால்தான் வந்தது. ஆறாவது தடவையில் ஒரு நல்ல கட்டில் வந்தது, தடித்த மெத்தையோடு. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் ஒன்று வைத்தார், வெளியே பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டாம் என்று. ஒரு மேசை. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. ஜன்னலுக்குத் திரை தைத்தார். தைத்துக்கொண்டிருக்கும்போது ஒருதரம் மூக்கை உறிஞ்சினார். அன்று யாரும் பசை சூடாக்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் கொடை ஊக்குவிப்புத் திட்டத்தை அவர் நிறுத்தினார். முதலில் துக்க காலப் பணப்புழக்க ஒழுங்குவிதி என்று ஓர் அறிக்கை எழுதினார். ஸப்ரான் வாசித்துவிட்டு அழித்தான். சத்தமில்லாமல் நிறுத்தினார்கள்.

மத்தியானம் பிள்ளைகள் வந்தார்கள். கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் லயங்களிலிருந்தும் வந்து பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டினார்கள். பாய் விரித்தார்கள். வரிசையாக வந்து ஐநூறு வைத்தார்கள். கோடரியின் விலை அசையவில்லை. ஆளுநர் அதைக் கவனித்தார். அதைக் கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

செல்வராணி வந்தாள். மேடம் தூங்கி எழும்ப ஒரு மணித்தியாலம் இருப்பதாகச் சொன்னாள். ரமேஸ் கையைக் கூப்பி ஒதுங்கி நின்றான். ஆளுநர் கதவைத் திறந்துவிட்டார்.

“நீங்க எல்லாம் நில்லுங்கடா” என்று ரமேஸ் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. “ஆன்ட்டி மொதல்ல தனியாப் போகட்டும்.”

இறகுத் தலைப்பாகை உள்ளே போனது. ஆளுநரும் ஸப்ரானும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அறையின் நடுவில் அப்படியே நின்றாள்.

“கட்டிலு” என்றாள். “அய்யோ எஞ்சாமி... எனக்குக் கட்டிலு வாங்கி வச்சிருக்கான். மெத்தையோட வச்சிருக்கான். இங்க கூட நான் கீழதானடா படுக்குறேன், அது ஒனக்கு எப்பிடிடா தெரியும்...”

ஸப்ரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆளுநர் திரும்பவில்லை. அவர் முகத்தில் இதுவரை எந்த அறிக்கையின் முடிவிலும் வராத ஒரு நிம்மதி வந்தது. அவள் அழுதுகொண்டே போய்க் கட்டிலில் கையை வைத்தாள்.

மலைராச்சியத்தில் ஒரு பொருளைத் தொட்டால், அதைச் செய்தவரின் பெயர் அதற்கு மேலே தங்க எழுத்தில் எழும். கோடரி செய்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி; ஸப்ரானுக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டிலுக்கு மேலே எழுந்தது.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“மா... மாண்பு... மாண்புமிகு... ஆளுநர்... தியாக...”

அழுகை நின்றது. அவள் போய்த் தண்ணீர்க் குழாயைத் தொட்டாள். மேசையைத் தொட்டாள். ஜன்னல் திரையைத் தொட்டாள். இரண்டாவதிலிருந்து வாசிக்கவில்லை, தொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். வெளியே பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“தம்பி இருக்கீங்களா?”

“இருக்கேன்க்கா.”

“ஒடைக்கிறப்ப உள்ள எதையும் பாக்கவே இல்லையா தம்பி?”

பதிலை ஆளுநரே சொன்னதுபோல் அவள் தலையை ஆட்டினாள்.

“பரவால்ல. மெத்த நல்லாருக்கு” என்றாள். “மேடம் எழும்புற வரைக்கும் இதுல இருந்துட்டுப் போறேன்.”

அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே தங்க எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன.

“அந்தப் பேர அழி மச்சான்” என்றான் ஸப்ரான் மெல்லிய குரலில். “சுருக்கா அழி.”

ஆளுநர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அதை அழிக்கத் தெரியவில்லை.